ஆட்டம் பார்க்கச் செல்வோரும் மதுவும்: குடும்பத்தினர் அறிய வேண்டியவை

பொங்கல் தொடங்கிக் கோடை விடுமுறை முடியும்வரை உத்திரமேரூர் வட்டாரத்தில் விளையாட்டுப் போட்டிகளுக்குக் குறைவில்லை. அறுவடை முடிந்த வயல்களிலும் பள்ளி மைதானங்களிலும் கிரிக்கெட், கபடி, கைப்பந்துப் போட்டிகள் நடைபெறுகின்றன. மின்விளக்கு வெளிச்சத்தில் தொடங்கும் கபடிப் போட்டி சில ஊர்களில் விடியும்வரை நீள்வதும் உண்டு. ஊரை ஒன்றுகூட்டும் இத்தகைய நிகழ்வுகள் இளைஞர்களின் உடல்நலத்திற்கும் மனநலத்திற்கும் நன்மை தருபவை.

ஆயினும் போட்டி நாள்களின் இரவில் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு வருவோர் ஆடுகளத்தில் காயமுற்ற வீரர்கள் மட்டும் அல்லர். ஆட்டம் பார்க்கச் சென்று கைகலப்பில் தலையில் அடிபட்டவர், திரும்பும் வழியில் இருசக்கர வாகனத்திலிருந்து விழுந்தவர், மைதானத்தின் ஓரத்தில் வாந்தி எடுத்து நினைவிழந்து கிடந்தவர் ஆகியோரும் கொண்டுவரப்படுகின்றனர். அவர்களுள் பலர் மது அருந்தியிருப்பர். உடன் வரும் உறவினர் பெரும்பாலும் ஒரே கேள்வியைக் கேட்கின்றனர்: “கொஞ்சம்தான் குடித்திருந்தான், டாக்டர். எப்படி இவ்வளவு ஆயிற்று?” அக்கேள்விக்கான விடையையும், அத்தகைய நேரத்தில் குடும்பத்தினர் செய்ய வேண்டியவற்றையும் இக்கட்டுரை விளக்குகிறது.

அரங்கினுள் மது: தமிழ்நாட்டில் நடந்தது

விளையாட்டரங்குகளில் மது வழங்கலாமா என்னும் கேள்வி தமிழ்நாட்டில் 2023ஆம் ஆண்டு பெரிதாக எழுந்தது. 1981ஆம் ஆண்டின் மதுபான உரிமம் மற்றும் அனுமதி விதிகளைத் திருத்தி, திருமண மண்டபங்கள், மாநாட்டுக் கூடங்கள், விளையாட்டரங்குகள் ஆகியவற்றில் நிகழ்ச்சி நாள்களில் மது பரிமாறச் சிறப்பு உரிமம் அளிக்கும் ஆணையை அரசு வெளியிட்டது. அவ்வாண்டு ஏப்ரல் 24 அன்று இச்செய்தி பரவியதும் கடும் எதிர்ப்பு எழுந்தது. அன்றே திருமண மண்டபங்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. பன்னாட்டு விளையாட்டுப் போட்டிகளுக்குப் பிற மாநிலங்களில் உள்ள நடைமுறையே இது என அப்போதைய மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை அமைச்சர் விளக்கம் அளித்தார். அதே வாரத்தில் சென்னை உயர்நீதிமன்றம் அந்த ஆணைக்கு இடைக்காலத் தடை விதித்தது.

அரங்கினுள் மது விற்கக் கூடாது என்பது பலருக்கும் எளிதில் புரியும் கருத்து. ஆனால் நம் ஊர் மைதானங்களில் உரிமம் பெற்ற விற்பனை என்று எதுவும் எப்போதும் இருந்ததில்லை. நுழைவாயிலும் இல்லை, சீட்டும் இல்லை, சோதனையும் இல்லை. மது மைதானத்தில் விற்கப்படுவதில்லை. பார்க்க வருவோரின் இரத்தத்தில் கலந்தே அங்கு வந்து சேர்கிறது. எனவே மது எங்கே விற்கப்படுகிறது என்பதோடு, எவ்வளவு நேரத்தில், எந்நிலையில் குடிக்கப்படுகிறது என்பதையும் நாம் பார்க்க வேண்டியுள்ளது.

அவசரமாகக் குடிப்பதில் உள்ள தீங்கு

நாம் உண்ணும் உணவு செரித்த பின்னரே இரத்தத்தில் சேர்கிறது. ஆல்கஹாலுக்குச் செரிமானம் தேவையில்லை. அதில் ஒரு சிறு பகுதி இரைப்பையிலும், பெரும்பகுதி சிறுகுடலிலும் நேரடியாக உறிஞ்சப்படுகிறது. வயிற்றில் உணவு இருந்தால் இரைப்பையின் கீழ்வாயில் உடனே திறப்பதில்லை. மது மெல்ல மெல்லவே சிறுகுடலை அடையும். வெறும் வயிறாயின் தடையின்றி இறங்கி, ஏறத்தாழ அரை மணி முதல் ஒரு மணி நேரத்திற்குள் இரத்தத்தில் உச்ச அளவை எட்டிவிடும்.

உறிஞ்சும் வேகம் மாறலாம். வெளியேற்றும் வேகம் அவ்வளவாக மாறாது. கல்லீரல் ஒரு மணி நேரத்தில் சுமார் 7 முதல் 10 கிராம் ஆல்கஹாலை மட்டுமே சிதைக்க வல்லது. காபி, மோர், எலுமிச்சைச் சாறு, குளிர்ந்த நீர்க் குளியல் ஆகிய எவையும் அவ்வேகத்தைக் கூட்டுவதில்லை.

இனி, போட்டி நாளின் மாலையை எண்ணிப் பாருங்கள். ஆட்டம் தொடங்குமுன் இடம் பிடிக்க வேண்டும். மைதானத்தில் பெரியவர்கள் முன்னிலையில் குடிக்க இயலாது. கடை இரவு 10 மணிக்கு மூடப்படும். ஆகவே நண்பர்கள் சேர்ந்து பத்து நிமிடத்தில் புட்டியை முடித்துவிட்டுக் கிளம்புகின்றனர். பெரும்பாலும் மதிய உணவுக்குப் பின் எதுவும் உண்டிருப்பதில்லை. மைதானத்திற்கு வரும்போது அவர்கள் தெளிவாகவே தோன்றுவர். ஆட்டம் சூடுபிடிக்கும் நேரத்தில்தான் போதை உச்சத்தை எட்டுகிறது. “வரும்போது நன்றாகத்தான் இருந்தான்” என்று உறவினர் கூறுவது உண்மையே.

‘கொஞ்சம்’ என்பது எவ்வளவு?

மருத்துவத்தில் 10 கிராம் ஆல்கஹாலை ஓர் அலகு எனக் கொள்வது வழக்கம். நம் கடைகளில் விற்கப்படும் பிராந்தி, விஸ்கி, ரம் வகைகளில் 42.8 விழுக்காடு ஆல்கஹால் உள்ளது. 180 மில்லி கொண்ட ஒரு குவார்ட்டரில் 77 மில்லி ஆல்கஹால் இருக்கிறது; எடைக்கணக்கில் அது சுமார் 60 கிராம், அதாவது 6 அலகுகள். 8 விழுக்காடு ஆல்கஹால் கொண்ட 650 மில்லி பீர் ஒன்றில் சுமார் 41 கிராம், அதாவது 4 அலகுகள். “பீர்தானே” என்று எண்ணி இரண்டு புட்டி குடித்தவர் ஒரு குவார்ட்டருக்கும் அதிகமாகவே குடித்திருக்கிறார்.

ஒரு குவார்ட்டர் முழுவதும் உடலிலிருந்து நீங்க 6 முதல் 8 மணி நேரத்திற்கு மேலும் ஆகலாம். 60 முதல் 70 கிலோ எடையுள்ள ஓர் ஆண் அதனை வெறும் வயிற்றில் விரைவாகக் குடித்தால், 100 மில்லி இரத்தத்தில் ஆல்கஹால் 100 மில்லிகிராமைத் தாண்டக்கூடும். வாகனம் ஓட்டுவோர்க்கு மோட்டார் வாகனச் சட்டம் அனுமதிக்கும் உச்ச வரம்பு 30 மில்லிகிராம். இரவு 9 மணிக்குக் குடித்தவர் நள்ளிரவில் ஆட்டம் முடிந்து வண்டியை எடுக்கும்போது, தாம் தெளிந்துவிட்டதாக எண்ணினாலும் சட்ட வரம்பைக் கடந்த நிலையிலேயே இருப்பார்.

கூட்டமும் மூளையும்

ஆல்கஹால் முதலில் மந்தப்படுத்துவது நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளையின் முன்பகுதியை. ‘இதைச் செய்தால் பின்னர் என்ன ஆகும்’ என்று எண்ணித் தடுத்துக்கொள்ளும் ஆற்றல் அங்கேயே உள்ளது. அது தளரும்போது கண் முன் நிகழ்வது மட்டுமே பெரிதாகத் தெரியும், விளைவுகள் மறைந்துபோகும். தனியாக இருப்பவர் இந்நிலையில் உறங்கிவிடலாம். கூட்டத்தில் நிலைமை வேறு. நடுவரின் முடிவு ஒன்று, எதிரணியினரின் கூச்சல் ஒன்று, தெரியாமல் பட்ட தோள் இடி ஒன்று போதும். அது இகழ்ச்சியாகவே தோன்றும். நம்மைச் சுற்றி நம் தெருவினர் நிற்கின்றனர் என்னும் துணிவும் சேர்ந்துகொள்கிறது. இரு ஊர்களுக்கிடையே முன்பே மனக்கசப்பு இருப்பின், விளையாட்டில் எழுந்த சிறு வாக்குவாதம் வேறு வடிவம் எடுத்துவிடும்.

மது அருந்திய எல்லாரும் சண்டையிடுவதில்லை. சண்டையிடும் எல்லாரும் குடித்தவரும் அல்லர். ஆனால் சண்டை மூளும் இடத்தில் பின்வாங்கும் அறிவை மது குறைத்துவிடுகிறது என்பது உறுதி. அடிபடுவோரில், விலக்கிவிடச் சென்ற குடிக்காதவரும் இருப்பதை நாங்கள் காண்கிறோம்.

பிற நாடுகள் கற்றவை

1980ஆம் ஆண்டு மே மாதம் ஸ்காட்லாந்தின் ஹாம்ப்டன் பார்க் அரங்கில் செல்டிக், ரேஞ்சர்ஸ் அணிகள் மோதிய கால்பந்து இறுதிப் போட்டி முடிந்ததும் இரு தரப்பு ரசிகர்களும் ஆடுகளத்தில் இறங்கி மோதிக்கொண்டனர். குதிரைப்படைக் காவலர் வந்து கலைக்க நேர்ந்தது. அவ்வாண்டே அந்நாட்டில் கால்பந்து அரங்குகளில் மது தடை செய்யப்பட்டது. ரசிகர்களை ஏற்றிச் செல்லும் பேருந்துகளில் மது கொண்டு செல்வதையும் அச்சட்டம் தடுத்தது. வழியில் குடிக்கப்படும் மதுவும் அரங்கினுள் நுழைகிறது என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர்.

அமெரிக்காவில் கல்லூரிக் கால்பந்து ஆட்டங்கள் நம் ஊர்த் திருவிழாக்களைப் போன்றவை. அங்குள்ள மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகம் 2011ஆம் ஆண்டு வேறு வழியை மேற்கொண்டது. அதுவரை ரசிகர்கள் ஆட்டத்தின் இடைவேளையில் வெளியே சென்று, வாகனத்தில் வைத்திருந்த மதுவை அவசரமாகக் குடித்துவிட்டுத் திரும்பி வந்தனர். பல்கலைக்கழகம் அவ்வாறு சென்று திரும்புவதை நிறுத்திவிட்டு, அரங்கினுள் கட்டுப்பாட்டுடன் பீர் விற்கத் தொடங்கியது. அதன்பின் ஆட்ட நாள்களில் காவல்துறை தலையிட வேண்டிய நிகழ்வுகள் குறைந்தன. இரு மாற்றங்களும் ஒரே நேரத்தில் செய்யப்பட்டதால், பயனுக்கு விற்பனையே காரணம் என்று கூற முடியாது. அவசரக் குடி தடைப்பட்டதே முதன்மைக் காரணமாக இருக்கலாம் என்பது என் கருத்து.

தடையை நாடிய ஸ்காட்லாந்தும் விற்பனையை நாடிய அமெரிக்கப் பல்கலைக்கழகமும் எதிரெதிர் முடிவுகளை எடுத்தன. எனினும் இரண்டும் கைவைத்தது ஒரே இடத்தில்: ஆட்டத்திற்கு முன்னரும் நடுவிலும் அவசரமாகக் குடிப்பதில். நம் ஊரிலும் நாம் கைவைக்க வேண்டிய இடம் அதுவே.

யார் முற்றிலும் தவிர்க்க வேண்டும்?

எம்மிடம் சிகிச்சை பெறுவோருள் சிலருக்கு ஒரு முறை குடிப்பதும் ஆபத்தாக முடியலாம்.

நீரிழிவுக்கு இன்சுலின் அல்லது சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரை எடுப்போர்: கல்லீரல் சர்க்கரையை உருவாக்கி இரத்தத்தில் விடுவதை ஆல்கஹால் தடுக்கிறது. வெறும் வயிற்றில் குடித்தால் சர்க்கரை அளவு திடீரெனத் தாழும். வியர்வை, உளறல், தள்ளாட்டம், மயக்கம் ஆகிய அறிகுறிகள் போதையைப் போலவே இருப்பதால் சுற்றியிருப்போர் ஏமாந்துவிடுகின்றனர்.

வலிப்பு நோய்க்கும் தூக்கத்திற்கும் மாத்திரை எடுப்போர்: மருந்தும் மதுவும் சேர்ந்து மூச்சை மந்தப்படுத்தும். காசநோய் மருந்து உட்கொள்வோர்: கல்லீரல் பாதிப்பு மிகும். இரத்தம் உறையாதிருக்க மருந்து எடுப்போர்: தலையில் சிறிய அடிபட்டாலும் உள்ளே இரத்தம் கசியக்கூடும்.

நாள்தோறும் குடிப்பவரைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை கூற வேண்டும். போட்டிக்குச் சென்று சண்டையிடுவார் என்று அஞ்சி, அவரை வீட்டில் பூட்டிவைத்துத் திடீரென மதுவை நிறுத்தும் குடும்பங்கள் உண்டு. நோக்கம் நல்லதே, ஆனால் நீண்ட காலம் குடித்தவருக்கு, கடைசியாகக் குடித்த 6 முதல் 24 மணி நேரத்தில் கைநடுக்கமும் வியர்வையும், இரண்டு நாள்களுக்குள் வலிப்பும், இரண்டு முதல் நான்கு நாள்களில் மனக்குழப்பமும் இல்லாதவற்றைக் காணும் நிலையும் ஏற்படலாம். இது உயிருக்கு ஆபத்தானது. மதுவை நிறுத்த வேண்டும். அதை மருத்துவரின் கண்காணிப்பில் நிறுத்த வேண்டும்.

‘தூங்கட்டும், காலையில் சரியாகிவிடும்’

குடித்து மயங்கியவரைத் திண்ணையில் படுக்கவைத்துவிட்டு அனைவரும் உறங்கச் செல்வது வழக்கம். இவ்வழக்கத்தால் உயிர்கள் போகின்றன. குடித்து முடித்த பின்னரும் வயிற்றில் உள்ள மது இரத்தத்தில் ஏறிக்கொண்டே இருக்கும் என்பதை மறவாதீர்கள். கீழ்க்கண்டவற்றுள் ஒன்று தென்பட்டாலும் உடனே 108 எண்ணை அழையுங்கள்:

1. உரக்க அழைத்தும், தோளைத் தட்டியும் எழாமை.
2. மூச்சு மிக மெதுவாகவோ விட்டுவிட்டோ வருதல்.
3. உதடு, நகம் நீலம் பாரித்தல், உடல் சில்லிட்டுப்போதல்.
4. வலிப்பு, அல்லது நினைவின்றி வாந்தி எடுத்தல்.
5. தலையில் அடிபட்டிருத்தல்; காது, மூக்கு வழியே இரத்தம் வருதல்; ஒரு கை அல்லது கால் செயலிழத்தல்.
6. பார்வை மங்குதல், கடும் வயிற்றுவலி. கள்ளச்சாராயத்தில் கலக்கும் மெத்தனால் இவ்வறிகுறிகளைப் பல மணி நேரம் கழித்தே காட்டும். 2023 மே மாதத்தில் மரக்காணம், செங்கல்பட்டுப் பகுதிகளிலும், 2024 ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சியிலும் நிகழ்ந்த இறப்புகளை நாம் மறந்துவிடவில்லை.

வண்டி வரும்வரை அவரை ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். மல்லாந்து கிடந்தால் வாந்தி மூச்சுக்குழாயில் புகுந்து மூச்சை அடைக்கும். கழுத்தில் அடிபட்டிருக்கலாம் என்ற ஐயம் இருப்பின், தலையையும் உடலையும் ஒரே நேர்கோட்டில் வைத்து மெல்லத் திருப்புங்கள். உப்பு நீர், புளிக்கரைசல் முதலியவற்றைக் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். தலையில் நீர் ஊற்றாதீர்கள். ஒருவர் அருகிலேயே இருந்து மூச்சைக் கவனிக்க வேண்டும். நீரிழிவு உள்ளவராயின் குளுக்கோமீட்டரில் சர்க்கரை அளவைப் பாருங்கள். அளவு தாழ்ந்திருந்து, அவர் நினைவோடு விழுங்கக்கூடிய நிலையில் இருந்தால் மட்டும் சர்க்கரைக் கரைசல் கொடுங்கள்.

தலையில் அடிபட்டவர் குடித்திருந்தால், அவருடைய மயக்கம் போதையாலா, மூளையில் கசியும் இரத்தத்தாலா என்பதை வீட்டில் இருப்போர் கண்டறிய இயலாது. மருத்துவர்களாகிய எமக்கும் பல வேளைகளில் ஸ்கேன் இன்றி உறுதியாகத் தெரிவதில்லை. நெடுநாள் குடிப்பவர்க்கு அடிபட்டுச் சில நாள்கள் அல்லது வாரங்கள் கழித்தும் தலைவலி, குழப்பம், தூக்க மயக்கம் தோன்றலாம். அப்போதும் அழைத்து வாருங்கள்.

எவ்வளவு குடித்தார், எப்போது குடித்தார், எங்கே வாங்கியது, என்ன மாத்திரை எடுக்கிறார் என்பவற்றை மறைக்காமல் கூறுங்கள். இவற்றைச் சிகிச்சைக்காகவே கேட்கிறோம்; தண்டிப்பதற்காக அன்று. விபத்தோ அடிதடியோ நேர்ந்திருப்பின் விபத்துப் பதிவேட்டில் பதிந்து காவல்துறைக்குத் தெரிவிப்பது மருத்துவமனையின் கடமை. அதற்கு அஞ்சி விடியும்வரை காத்திருக்க வேண்டாம். சாலை விபத்தில் காயமுற்றோர்க்கு, 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்ட ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தின்கீழ், அதில் சேர்ந்துள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை கட்டணமின்றி அளிக்கப்படுகிறது.

விழாக்குழுவும் வீடும் செய்யக்கூடியவை

நம் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு உள்ளது. ஊர் வாரியப் பொறுப்புக்குத் தகுதியற்றோர் யார் என்று அது நீண்ட பட்டியல் தருகிறது. ஐம்பெரும் பாதகங்களுள் முதல் நான்கில் ஒன்றைச் செய்தவரும் அதில் அடங்குவர். மது அருந்துதல் அந்நான்கில் ஒன்றாகக் கருதப்பட்டது. இன்றைய மருத்துவம் மதுப்பழக்கத்தைப் பாதகமாகக் கொள்வதில்லை. சிகிச்சைக்குரிய நோயாகக் கொள்கிறது. எனினும் ஊர்ப் பொறுப்பில் இருப்பவர் தெளிவாக இருக்க வேண்டும் என்னும் எதிர்பார்ப்பு இன்றும் பொருந்தும். போட்டி நடத்தும் குழுவில் அன்றிரவு குடிக்காத நால்வரையாவது பொறுப்பாளராக அறிவித்துவிடுங்கள். சச்சரவு எழுந்தால் பேச வேண்டியவர் அவர்களே.

போட்டியை மாலையிலேயே தொடங்கி இரவு 10 மணிக்குள் முடிக்க முயலுங்கள். குடிநீரும், சுண்டல், இட்லி போன்ற உணவும் மைதானத்திலேயே மலிவாகக் கிடைக்கச் செய்யுங்கள். வயிற்றில் உணவு இருந்தால் மதுவின் வேகம் குறையும். பரிசளிப்பு விழாவுக்கு யாரும் மதுவை நன்கொடையாகத் தர இடங்கொடுக்காதீர்கள். திருவள்ளுவர் நாள், குடியரசு நாள் போன்ற நாள்களில் கடைகள் மூடப்படும் என்பதால் முந்தைய நாளே வாங்கிப் பதுக்குவோர் உண்டு. ஆகவே கடை மூடிய நாள் என்பதாலேயே கவலையற்று இருந்துவிடாதீர்கள்.

வீட்டில் உள்ளோர், போட்டிக்குக் கிளம்புபவரைச் சாப்பிட்டுவிட்டுச் செல்லச் சொல்லுங்கள். எப்படித் திரும்புவார், யார் வண்டியில் வருவார் என்பதை முன்னரே கேட்டு வையுங்கள். “குடித்திருந்தாலும் பரவாயில்லை, போன் செய், ஆள் அனுப்புகிறோம், திட்டமாட்டோம்” என்று ஒரு சொல் சொல்லி அனுப்புங்கள். திட்டுக்கு அஞ்சியே பல இளைஞர்கள் போதையுடன் வண்டியை எடுக்கின்றனர். கண்டிப்பு தேவையெனில் மறுநாள் காலையில், தெளிந்த நிலையில் பேசலாம்.

போட்டி இல்லாத நாள்களிலும் குடி தொடர்கிறது, காலையில் கை நடுங்குகிறது, குடிக்காவிட்டால் உறக்கம் இல்லை என்றால் அது சிகிச்சைக்குரிய நிலை. மதுப்பழக்கத்திலிருந்து விடுபட உதவும் தேசியக் கட்டணமில்லா எண் 14446. மனநல ஆலோசனைக்கு 14416 எண்ணை எந்நேரமும் அழைக்கலாம். எம் மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவுக்கும் தயக்கமின்றி வரலாம். அவர் வர மறுத்தாலும் குடும்பத்தினர் முதலில் வந்து பேசுங்கள். எவ்வாறு அழைத்து வருவது என்பதைச் சேர்ந்து திட்டமிடுவோம்.